மலையிலிருந்து அழகுக்கலை படிக்கப் போகிறவர்களுக்கு: ஐ.டி.ஐ., ஒரு மாதப் பயிற்சி, கோவை அகாடமி, உள்ளூர் பார்லர்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வெளியாகி ஓரிரு வாரம் ஆனதும், குன்னூரில் நான் நடத்தும் பார்லருக்கு, புருவம் திருத்திக்கொள்ளும் வழக்கமே இல்லாத தாய்மார்கள் சிலர் மகளை அழைத்துக்கொண்டு வருவார்கள். சென்ற ஆண்டு கட்டபெட்டுப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, பையிலிருந்து இரண்டு நோட்டீஸ்களை எடுத்து மேசையில் அடுத்தடுத்து விரித்து வைத்து, "அக்கா, இதில் எதில் சேர்த்தால் பிள்ளை பிழைத்துக்கொள்வாள்?" என்று கேட்டார். ஒன்று கோயம்புத்தூர் அகாடமி ஒன்றின் ஆறு மாத டிப்ளமோ. கட்டணம் ஒரு லட்சம். மற்றது ஒரு மாத இலவசப் பயிற்சி. சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்தே இலவசம். இரண்டு நோட்டீஸிலும் ஒரே மணப்பெண்ணின் படம் அச்சாகியிருந்தது.

அன்று அந்த அம்மாவுக்கு அரைமணி நேரத்தில் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். நீலகிரியில் இருந்துகொண்டு அழகுக்கலை கற்க நினைப்பவர்களுக்கு நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன: அரசு தொழிற்பயிற்சி நிலையம் (ஐ.டி.ஐ.), வங்கிகள் நடத்தும் இலவசக் குறுகிய காலப் பயிற்சி, சமவெளியில் உள்ள தனியார் அகாடமி, உள்ளூர் பார்லரில் உதவியாளராகச் சேர்ந்து பழகுவது. ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு, இடம் உண்டு. எது யாருக்கு என்பதில்தான் தவறு நேர்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த வேலை, எந்த ஊரில். 'பியூட்டீஷியன்' என்ற ஒரே சொல்லுக்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. பார்லரில் மாதச் சம்பளத்துக்கு நிற்பது ஒன்று. வீட்டு முன்னறையில் நாற்காலியும் கண்ணாடியும் போட்டு அக்கம்பக்கத்தாருக்குச் செய்வது இன்னொன்று. பார்லரே இல்லாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போய் மணப்பெண் ஒப்பனை செய்வது மற்றொன்று. இவை தவிர ரிசார்ட் ஸ்பா வேலை, பெருநகரச் சலூன் தொடர்களில் முடி வெட்டும் வேலை, பயிற்றுநர் வேலை எனப் போய்க்கொண்டே இருக்கும். மணப்பெண் ஒப்பனை மட்டுமே செய்ய விரும்புகிறவருக்கு ஓராண்டுப் படிப்பின் பாதி தேவைப்படாது; சலூன் தொடரில் சேர விரும்புகிறவருக்கு மூன்று மாத ஒப்பனை வகுப்பு எதற்கும் காணாது.

நம் மலையில் இந்த வேலைகளின் நிலைமையும் வேறு. கிராமப் பக்கத்துப் பார்லரின் வருமானம் பச்சைத் தேயிலை விலையோடு ஏறி இறங்கும்; இலைக்கு விலை விழுந்த மாதத்தில் ஃபேஷியல் குறையும், நூலால் புருவம் திருத்தும் த்ரெட்டிங் மட்டும் குறையாது. வெலிங்டன் கன்டோன்மென்ட் பக்கமோ, ராணுவக் குடும்பங்கள் வருவதும் மாறிப் போவதுமாக இருப்பதால், முடி வெட்டவும் நிறமேற்றவும் நன்றாகத் தெரிந்து, கொஞ்சம் இந்தியும் ஆங்கிலமும் பேசத் தெரிந்தவருக்கு வேலை ஓயாது. இங்குள்ள படகர் சமூகத்தின் திருமணச் சடங்கில் மணப்பெண் வெண்ணிற உடையில் இருப்பதால், சமவெளியில் பட்டுப்புடவைக்குக் கற்ற அடர்த்தியான ஒப்பனை அங்கே துருத்திக்கொண்டு நிற்கும். அதே பெண்ணுக்கு மாலை வரவேற்பில் முற்றிலும் வேறு அலங்காரம் கேட்பார்கள்.

கை பழக எத்தனை பேர் கிடைப்பார்கள். இதை யாரும் கேட்பதில்லை. நான் முதலில் கேட்பது இதைத்தான். த்ரெட்டிங் என்பது பார்க்க ஐந்து நிமிட வேலை. ஆனால் புதிதாகக் கற்பவர் முதலில் தன் முழங்காலிலுள்ள முடியில்தான் நூலை ஓட்டிப் பழகுவார். விரல் இடுக்கில் நூல் அறுத்த தழும்பு ஆறுவதற்குள் அடுத்தது விழும். அதன் பிறகு உண்மையான முகம். இரண்டு புருவமும் ஒரே வளைவில் நிற்கவே பல பத்து முகங்கள் வேண்டும். யாருடைய புருவமும் பிறப்பிலேயே இரு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை என்பது அப்போதுதான் புரியும். டம்மி தலையில் ஆறு மாதம் ரோலர் சுற்றியவருக்கு, உயிருள்ள தலை அசையும் என்பதே புதிய செய்தி.

மொத்தச் செலவு. நோட்டீஸில் இருப்பது கட்டணம் மட்டும். கிட் எனும் கருவி, ஒப்பனைப் பொருள் பெட்டி, தங்குமிடம், பயணம், தேர்வுக் கட்டணம், மாடலாக வரும் பெண்ணுக்குக் கொடுக்கும் பணம், படிக்கும் மாதங்களில் இழக்கும் கூலி ஆகியவற்றைச் சேர்த்தால்தான் உண்மையான தொகை தெரியும்.

சான்றிதழ் எந்தக் கதவைத் திறக்கும். அமெரிக்காவில் மாநில உரிமம் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு முடி வெட்ட முடியாது. அதனால் அங்கே எந்தப் பள்ளி, எத்தனை மணி நேரம் என்பது சட்டப் பிரச்சினை. இங்கே அப்படித் தனி உரிமத் தேர்வு கிடையாது. சான்றிதழைக் கேட்பவர்கள் வங்கி மேலாளர், பெரிய ஓட்டல், வெளிநாட்டு முதலாளி, பயிற்றுநர் பணிக்கு ஆள் எடுப்பவர் ஆகியோர்தாம். என் பார்லர் சுவரில் பதினேழு ஆண்டுகளாகச் சான்றிதழ் தொங்குகிறது. அதை அருகில் போய்ப் படித்தவர்கள் இரண்டு பேர், இருவருமே அகாடமியில் சேர விசாரிக்க வந்தவர்கள்.

மலைக்குப் பொருந்துமா. இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் கற்றது கோவையில். அங்கே முடிக்கு நிறமேற்றக் கற்றுக்கொடுத்த நேரக் கணக்கை அப்படியே கொண்டுவந்து, குன்னூரில் என் முதல் ஜனவரியில், ஹீட்டர் இல்லாத அறையில், ஒரு ஆசிரியையின் தலையில் செய்தேன். தலையின் உடல்சூட்டில் வேர்ப்பக்கம் நிறம் ஏறிவிட்டது. குளிரில் கிடந்த நுனி பழையபடியே இருந்தது. இலவசமாக மறுபடி செய்துகொடுத்துத்தான் அந்த ஆசிரியையைத் தக்கவைத்துக்கொண்டேன். முடி நீக்கும் வேக்ஸும் அப்படித்தான்: ஹீட்டரிலிருந்து கைக்கு வருவதற்குள் இறுகிவிடும், இறுகியதை இழுத்தால் தோல் கன்றும். இன்னொன்றும் உண்டு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10% கூடுகிறது. உதகை 2,240 மீட்டரில் இருக்கிறது. குளிர் காற்றில் வெயில் உறைப்பதில்லை என்பதால் யாரும் முகத்தை மூடுவதில்லை, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களின் கன்னத்தில் மங்கு படர்கிறது. அதைப் பிளீச் போட்டு வெளுக்கப் பார்க்கும் பியூட்டீஷியன் நிலைமையை இன்னும் கெடுப்பார். இவற்றைச் சமவெளியின் பாடத்திட்டம் சொல்லித்தராது.

## அரசு தொழிற்பயிற்சி நிலையம்

மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் காஸ்மெட்டாலஜி எனும் அழகுக்கலை ஓராண்டுத் தொழிற்பிரிவு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஏறத்தாழ 1,200 மணி நேரப் பயிற்சி, அதற்கு மேல் 150 மணி நேரம் ஏதேனும் ஒரு தொழிலிடத்தில் நேரடிப் பணிப் பயிற்சி. முடிவில் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழ். இந்தியா முழுவதும் செல்லும். எவரும் 'இது அரசு சான்றிதழ்தானா' என்று கேட்க முடியாது. பின்னாளில் தொழிற்பயிற்சி நிலையத்திலேயே பயிற்றுநராக விரும்பினால், அதற்கான பயிற்றுநர் படிப்புக்கு இதுதான் அடிப்படை. வேறு எந்த வழியிலும் இந்தக் கதவு இவ்வளவு எளிதாகத் திறக்காது.

பணத்தைப் பொறுத்தவரை இதற்கு ஈடில்லை. தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் ஐ.டி.ஐ. படிப்புக்கும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் படிக்கும் காலத்தில் மாதம் 1,750 ரூபாய் கையில் வருகிறது. ஆண்பிள்ளைகளுக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம் அதே ஆயிரத்தைத் தருகிறது. இந்தத் தொழிற்பிரிவில் ஆண்களும் சேரலாம் என்பதை ஊரில் பலர் அறியாமலே இருக்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு, தூரம். மாவட்டத்தில் குன்னூரிலும் கூடலூரிலும் அரசு நிலையங்கள் இருந்தாலும், எல்லாத் தொழிற்பிரிவும் எல்லா நிலையத்திலும் நடப்பதில்லை. விண்ணப்பிக்கும் ஆண்டில் காஸ்மெட்டாலஜி எந்த நிலையத்தில் நடக்கிறது என்பதைச் சேர்க்கைப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டும். மலையில் இல்லையென்றால் சமவெளியில் விடுதி தேட வேண்டியிருக்கும். இலவசப் படிப்பு என்று கிளம்பி, விடுதிக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும்.

குறை என்று சொன்னால், பாடத்திட்டம் அகலமானது, ஆனால் இன்றைய மணப்பெண் ஒப்பனையின் வேகத்துக்குப் பின்தங்கியது. புடவை மடிப்பை முன்கூட்டியே அயர்ன் செய்து பெட்டியில் அடுக்கித் தருவது இப்போது தனி வருமானமாகிவிட்டது. இதுபோன்றவற்றை வெளியில்தான் கற்க வேண்டும். அது பெரிய குறையில்லை. அடித்தளம் இருப்பவர் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்.

## ஒரு மாத இலவசப் பயிற்சி

'ஆர்செட்டி' என்று வழங்கும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்துகின்றன. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982இல் தொடங்கிய நிலையம்தான் இவற்றுக்கு முன்மாதிரி. பார்லர் நடத்துவதற்கான பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம். 18 வயது நிறைந்த, ஊரகப் பகுதியைச் சேர்ந்தவர்களுக்கு முன்னுரிமை. உணவும் தங்குமிடமும் கட்டணமின்றி உண்டு. பயிற்சி முடிந்த பின் இரண்டு ஆண்டுகள் வரை தொடர்பில் இருந்து தொழில் தொடங்கினார்களா என்று கேட்டுக்கொண்டிருப்பது இவர்களின் வழக்கம். வேறு எந்தப் பள்ளியும் பணம் வாங்கிய பிறகு நம்மைத் தேடி வருவதில்லை.

இங்கே கணக்கு எழுதுவது, கடன் விண்ணப்பிப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது ஆகியவையும் பாடம். வங்கியே நடத்துவதால், முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையிலான கடனுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் சான்றிதழ் மேலாளருக்குப் பரிச்சயமான காகிதமாக இருக்கும். ஒரு நாற்காலி, கண்ணாடி, வேக்ஸ் ஹீட்டர், ஸ்டீமர், கீசர் ஆகியவற்றோடு வீட்டிலேயே தொடங்க அந்தத் தொகைக்குள் முடியும்.

ஆனால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் முப்பது நாளில் 240 மணி நேரம்தான். அதற்குள் த்ரெட்டிங் முதல் மணப்பெண் அலங்காரம் வரை எல்லாவற்றையும் தொட்டுக் காட்டுவார்கள்; தொட்டுக் காட்டுவதற்கும் கைவசமாவதற்கும் இடையே உள்ள தூரத்தைப் பயிற்சி முடிந்த பிறகு தானாகத்தான் நடக்க வேண்டும். முடியை நேராக்கும் ஸ்மூதனிங், கெரட்டின், நிறமேற்றல் போன்ற ரசாயன வேலைகளை இந்த ஒரு மாதப் படிப்பை மட்டும் நம்பி யார் தலையிலும் செய்யக் கூடாது. முடியை நேராக்கும் சில திரவங்களிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் எனப் பட்டியலிடப்பட்டது. குளிருக்காகக் கதவு, சன்னலை அடைத்துவிட்டு அந்த வேலையைச் செய்யும் நம் ஊர் அறைகளில் ஆபத்து வாடிக்கையாளரைவிடச் செய்பவருக்கு அதிகம்.

மறைந்திருக்கும் செலவு இங்கே பணமாக வராது. முழு மாதமும் வீட்டைவிட்டு இருக்க முடியுமா என்பதாக வரும். கைக்குழந்தை உள்ளவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். உறவினர் வீட்டுத் திருமணம் இல்லாத மாதமாகப் பார்த்துச் சேருவது, கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், உண்மையான யோசனை.

## கோவையின் தனியார் அகாடமி

அதிகம் பேர் மயங்குவதும் அதிகம் பேர் ஏமாறுவதும் இங்கே. நல்ல அகாடமிகள் இருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் ஓடும் சலூனோடு இணைந்த பள்ளியில், வாடிக்கையாளர் வந்துகொண்டே இருப்பதால் மாணவருக்கு உயிருள்ள தலைகள் கிடைக்கும். புதிய கருவி, புதிய பொருள் எல்லாம் அங்கேதான் முதலில் வரும். சலூன் தொடரில் வேலைக்குச் சேர விரும்புகிறவருக்கு, அந்தத் தொடரின் பயிற்சிப் பள்ளியே நேர்வழி.

இனி, கணக்கு. கட்டணம் ஒரு லட்சம் என்று நோட்டீஸ் சொல்வதாக எடுத்துக்கொள்வோம். தனியார் வணிகப் பயிற்சிக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு, 'வரி தனி' என்ற சிறிய எழுத்து இருந்தால் அங்கேயே 18,000. கிட் 15,000 என்று வைத்துக்கொள்வோம். விடுதி மாதம் 7,000 என்றால் ஆறு மாதத்துக்கு 42,000. பஸ், தேர்வுக் கட்டணம், மாடல் செலவை விட்டுவிட்டாலும் 1,75,000 ஆகிவிட்டது. படித்துவிட்டு மலைக்குத் திரும்பி, மாதம் 10,000 சம்பளத்தில் நின்று, அதில் 2,000 ரூபாயை இந்தக் கடனுக்கு ஒதுக்கினால், வட்டியே இல்லாமல் ஏழு ஆண்டுக்கு மேல் பிடிக்கும். மணப்பெண் ஒப்பனையில் ஒரு ஆர்டருக்குச் செலவு போக 5,000 நின்றால் முப்பத்தைந்து ஆர்டரில் அடையும். ஆகவே அகாடமிக்குச் செலவழிக்கலாமா என்ற கேள்விக்கு விடை அகாடமியிடம் இல்லை. படித்த பிறகு எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் வழியாக நாள்தோறும் போய்வரலாம் என்று சிலர் திட்டமிடுகிறார்கள். உதகையிலிருந்து கோவை ஏறத்தாழ 86 கிலோமீட்டர். மலைப்பாதையில் போகவும் வரவும் நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸிலேயே கழியும். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் அன்றைய வகுப்பு போனதுதான். போய்வந்து படித்தவர்களில் கடைசிவரை நின்றவரை நான் பார்த்ததில்லை. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கோவையைவிடச் சுல்தான் பத்தேரி கிட்டம். மலையாளம் பேசத் தெரிந்த பிள்ளை என்றால் அங்கே விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

'அரசு அங்கீகாரம் பெற்றது' என்ற வரியைக் கவனமாகப் படிக்க வேண்டும். எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) பதிவு என்பது தொழில் நடத்துபவர் எவரும் இணையத்தில் இலவசமாகப் பெறும் உத்யம் பதிவு. அது படிப்புக்கான அங்கீகாரம் ஆகாது. ஐ.எஸ்.ஓ. 9001 என்பது நிர்வாக முறைக்கான சான்று. அதுவும் படிப்பின் தரத்தைப் பற்றியது ஆகாது. தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் ஏற்புள்ள அமைப்பு வழங்கும் சான்றிதழா, அழகு மற்றும் நலவாழ்வுத் துறைத் திறன் குழுமத்தின் தேர்வு நடக்குமா என்று கேட்க வேண்டும். பன்னாட்டுச் சான்றிதழ் என்றால் பெயரைக் கேட்க வேண்டும். சிடெஸ்கோ என்பது 1946இல் தொடங்கி, சூரிக்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு. அதன் டிப்ளமோவுக்கு 1,200 மணி நேரப் பயிற்சியும், அதன் பின் 600 மணி நேரப் பணி அனுபவமும் வேண்டும். ஆறு மாதம், நாளுக்கு நான்கு மணி நேரம், மாதம் 24 நாள் என்றால் மொத்தம் 576 மணி நேரம். 'ஆறு மாதத்தில் பன்னாட்டு டிப்ளமோ' என்பவரிடம் இந்தக் கணக்கை நீட்டிப் பாருங்கள்.

பிராண்டு பெயர் கொண்ட பல பள்ளிகள் உரிமம் எடுத்து வேறொருவர் நடத்தும் கிளைகள். ஒரு கிளையில் பயிற்றுநர் பத்தாண்டு அனுபவக்காரராக இருப்பார்; அடுத்த கிளையில் போன ஆண்டு அங்கேயே படித்து முடித்த பெண் பாடம் நடத்துவார். எனக்கே அப்படி நேர்ந்தது. நான் சேர்ந்தபோது பாடம் எடுத்த மேடம் இரண்டாம் மாதம் வேலையை விட்டுப் போனார். மீதி மாதங்களில் எங்களுக்குக் கற்றுத்தந்தவர் எங்களைவிட ஒரு பேட்ச் மூத்த மாணவி. பணம் திரும்பக் கேட்டபோது, விண்ணப்பத்தில் நான் கையெழுத்திட்டிருந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார்கள்.

லேசர், ஊசி, முகத்தசையில் போடும் போடாக்ஸ் ஆகியவற்றைக் 'காஸ்மெட்டாலஜி டிப்ளமோ'வில் சேர்த்து விற்கும் இடங்களைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். அவை பதிவு பெற்ற மருத்துவரின் வேலை. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒரு முகத்தில் ஊசி போட்டு ஏதாவது ஆனால், பதில் சொல்ல வேண்டியவர் அகாடமிக்காரர் அல்லர்.

## உள்ளூர் பார்லரில் உதவியாளராக

கட்டணம் இல்லாமல், சில இடங்களில் கையில் கொஞ்சம் பணமும் பெற்றுக்கொண்டு பழகும் வழி இது. நாட்டில் பெரும்பாலான முடிதிருத்துநர்கள் இப்படித்தான் தொழில் கற்றார்கள். மலையின் குளிரில் வேக்ஸ் எந்தச் சூட்டில் நிற்கும், படகர் வீட்டு மணப்பெண்ணுக்கு எது ஒத்துவரும், கடைசிப் பேருந்து போன பிறகு எந்தக் கடைக்காரர் தைலம் கடன் தருவார் என்பதெல்லாம் இங்கே தானாகப் படியும். முகங்களின் எண்ணிக்கையில் இந்த வழியை வேறு எதுவும் வெல்லாது. சுற்றுலா சீசன் காலத்தில் ஒரு சுமாரான பார்லரிலேயே ஒரு நாளில் வரும் புருவங்கள், சில பள்ளிகளில் ஒரு மாதத்தில் வருவதைவிட அதிகம்.

இதன் மறைவுச் செலவு காலம். முதல் மாதங்களில் துண்டு துவைப்பதும் தரையில் விழுந்த முடியைக் கூட்டுவதும்தான் வேலை. நன்றாகப் பழகிவிட்டால் பக்கத்துத் தெருவில் கடை போட்டுவிடுவாள் என்ற பயத்தில், உரிமையாளர்கள் நிறக் கலவையின் அளவைச் சொல்லித்தர மாட்டார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவள்தான். தவறும் அப்படியே கைமாறும். நிறமேற்றுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் ஒவ்வாமை பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்யாத பார்லரில் பழகியவர் வாழ்நாள் முழுவதும் அதைச் செய்ய மாட்டார். நூலைப் பல்லில் கடித்து த்ரெட்டிங் செய்யும் பழக்கமும் இப்படித்தான் நம் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சேருமுன் மூன்றை வாய்ப்பேச்சாகவாவது உறுதி செய்துகொள்ள வேண்டும்: எத்தனை மாதத்தில் என்ன கற்றுத்தரப்படும், அதுவரை என்ன சம்பளம், விலகும்போது அனுபவக் கடிதம் உண்டா.

## இணைய வகுப்புகள்

ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் புதிய கொண்டை வகை ஒன்றைப் பிடித்துக்கொள்ள நல்லவை. தொடக்கநிலையினருக்குப் பயனில்லை, கையின் அழுத்தத்தைத் திரை சொல்லித்தராது.

## ஒரே பார்வையில்

| | அரசு ஐ.டி.ஐ. | ஒரு மாதப் பயிற்சி | கோவை அகாடமி | உள்ளூர் பார்லர் |
|---|---|---|---|---|
| காலம் | ஓராண்டு | ஏறத்தாழ 30 நாள் | சில வாரம் முதல் ஓராண்டு வரை | ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு |
| கட்டணம் | இல்லை. உதவித்தொகை உண்டு | இல்லை | அதிகம். வரியும் உண்டு | இல்லை |
| மறைவுச் செலவு | தூரம், விடுதி | வீட்டைவிட்டு ஒரு மாதம் | கிட், விடுதி, மாடல், வட்டி | காலம், குறைந்த கூலி |
| உயிருள்ள முகங்கள் | நடுத்தரம் | குறைவு | பள்ளியைப் பொறுத்தது | மிக அதிகம் |
| சான்றிதழின் பயன் | நாடு முழுவதும் | கடனுக்கு | வழங்குபவரைப் பொறுத்தது | இல்லை |
| மலைக்குப் பொருத்தம் | ஓரளவு | ஓரளவு | குறைவு | முழுமை |

## யாருக்கு எது

பதினாறு, பதினேழு வயது, பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள், வீட்டில் அவசரமில்லை என்றால் ஐ.டி.ஐ. தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். அந்த வயதில் வாங்கும் தேசியச் சான்றிதழ் பின்னால் எந்தத் திசையில் திரும்பினாலும் உதவும்.

திருமணமாகி, குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்ட, வீட்டு முன்னறையில் தொழில் செய்ய விரும்பும் பெண்ணுக்கு ஒரு மாதப் பயிற்சியும், அதைத் தொடர்ந்து ஏதேனும் ஒரு பார்லரில் ஆறு மாதமும் போதும். வீட்டில் தொடங்கினாலும் உள்ளாட்சியின் தொழில் உரிமம் பெற வேண்டும். மின் இணைப்பும் வணிகக் கட்டணத்துக்கு மாற வேண்டும். இதை மறந்துவிட்டு, பிறகு அபராதத்தோடு மாற்றியவர்கள் உண்டு.

மணப்பெண் ஒப்பனைதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் மட்டும், அதுவும் அடிப்படை வேலைகள் கைவந்த பிறகு, அகாடமியின் குறுகிய ஒப்பனைப் படிப்புக்குப் பணம் கட்டலாம். மலையில் இருப்பவருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. விடியற்காலை முகூர்த்தத்துக்கு இரவு இரண்டு மணிக்கே ஒப்பனை தொடங்க வேண்டும். கோவைக்காரர் முந்தின நாளே வந்து அறை எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து அவருடைய வண்டிக்கு மலைக்குள் வர இ-பாஸும் வேண்டும். நீலகிரிப் பதிவெண்ணான டி.என்.43 வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. சித்திரை, வைகாசியில் சீசனும் முகூர்த்தமும் ஒன்றாக வரும்போது, சாலை நெரிசலைத் தாண்டி நேரத்துக்கு வந்து சேருவார் என்ற நம்பிக்கையாலேயே உள்ளூர்க்காரருக்கு ஆர்டர் வரும். ஆனால் இரவில் நம்பி அழைத்துப்போக ஒரு வண்டியும், கூட வர ஒருவரும் வேண்டும். கோத்தகிரிப் பாதையில் கரடியும் காட்டெருமையும் முகூர்த்தம் பார்ப்பதில்லை.

திரைத்துறை ஒப்பனைக்குப் போக விரும்பும் பெண்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். பெண்களுக்கு ஒப்பனைக் கலைஞர் உறுப்பினர் அட்டை மறுக்கப்பட்டு வந்த வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில் ரத்து செய்தது. கதவு திறந்திருக்கிறது, அதற்குச் சென்னையில் போய் இருக்க வேண்டும். இந்த நான்கு வழியில் எதுவும் அங்கே நேராகக் கொண்டுபோய் விடாது.

கட்டபெட்டு அம்மாவின் மகளுக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது. ஒரு லட்சத்துக்குக் கழுத்துச் சங்கிலியை அடகு வைப்பதாக இருந்தார்கள். ஒரு மாதப் பயிற்சிக்குப் போய்விட்டு என்னிடம் வரச் சொன்னேன். வந்தாள். இப்போது எட்டாவது மாதம் நடக்கிறது. த்ரெட்டிங் என்னைவிட வேகம். நிறக் கலவையை இன்னும் எழுதி வைத்துப் பார்த்துத்தான் செய்கிறாள். அடுத்த ஆண்டு ஒப்பனைப் படிப்புக்குக் கோவை போவதாக இருக்கிறாள், தன் சம்பளத்தில் சேர்த்த பணத்தோடு.

கடைசியாக, தேதி பற்றி. ஐ.டி.ஐ. சேர்க்கை பத்தாம் வகுப்பு முடிவை ஒட்டித் தொடங்கிவிடும். அதைத் தவறவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும், எனவே அதற்குத்தான் முதலில் ஓட வேண்டும். ஒரு மாதப் பயிற்சி ஆண்டில் சில முறைதான் நடக்கும். அடுத்தது எப்போது என்று நிலையத்தில் பெயர் கொடுத்துவைத்தால் அழைப்பார்கள். தனியார் அகாடமியில் மட்டும் 'இன்று சேர்ந்தால் இருபதாயிரம் தள்ளுபடி, இன்றே கடைசி' என்பார்கள். அடுத்த மாதம் போய்க் கேட்டாலும் அதே தள்ளுபடி இருக்கும். அதனால் முன்பணம் கட்டாமல், முதலில் ஒரு அரை நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். எத்தனை மாணவிகளுக்கு எத்தனை நாற்காலி, உட்கார்ந்திருப்பது டம்மியா, ஆளா, ஒருவருக்குப் பயன்படுத்திய, முடி பிடுங்கும் பிளக்கரை அடுத்தவருக்கு எடுக்கும் முன் சுத்தம் செய்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடித்து மலையேறி விடுங்கள்.